பூச்சிச் சூழலியலாளர் ஒருவரின் ஆய்வுத் தாக்கத்தை எப்படி எடைபோடுவது?

கேள்வி சுருக்கமானது: ஒரு பூச்சிச் சூழலியலாளரின் கூகுள் ஸ்காலர் பக்கம் 140 கட்டுரைகள், எச் குறியீடு 38 (அதாவது, பிறர் 38 தடவையாவது மேற்கோள் காட்டிய கட்டுரைகள் 38) என்று காட்டுகிறது. இது பெரிய எண்தானா? அவருடைய ஆய்வுக்கு எவ்வளவு தாக்கம் என்று இதிலிருந்தே சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. அது எந்த ஓடையில், அதாவது எந்தத் துறைப் பிரிவில், சேர்ந்த எண் என்று தெரியாதவரை அதற்குப் பொருளே இல்லை. பூச்சிச் சூழலியல் வெளியிலிருந்து பார்க்க ஒரே துறை. மேற்கோள் கணக்கில் அது மூன்று நான்கு துறைகள் கலக்கும் இடம். ஒரே ஆள் ஒரு வருடம் காட்டுத்தேனீக்களின் மகரந்தச் சேர்க்கை பற்றிச் சூழலியல் இதழில் எழுதுவார். அடுத்த வருடம் பயிர்ப் பூச்சிக் கட்டுப்பாடு பற்றிப் பூச்சியியல் இதழில் எழுதுவார். நடுவில் ஒரு குளவிக்குப் பெயர் வைத்து வகைப்பாட்டு இதழில் நாலு பக்கம் போடுவார். முதல் வகைக்கு வரும் மேற்கோள்களில் சிறு பங்குகூட மூன்றாவது வகைக்கு வராது, இரண்டும் சம அளவு உழைப்பாக இருந்தாலும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எண்ணினால், அவர் எந்த ஓடையில் அதிகம் நீந்தினார் என்பது மட்டுமே தெரியும்.

எனவே எண்ணுவதற்கு முன் பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. அவருடைய ஆர்க்கிட் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) பதிவு, தன்விவரக் குறிப்பு, மேற்கோள் தரவுத்தளங்களான ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய ஐந்திலிருந்தும் கட்டுரைகளை எடுத்து ஒரே விரிதாளில் போடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரப்படும் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை வைத்து ஒன்றோடொன்று பொருத்துங்கள். தலைப்பை வைத்துப் பொருத்தினால் உயிரினப் பெயர்களில் எழுத்து மாறி, ஒரே கட்டுரை இரண்டாக நிற்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆண்டு, இதழ், கட்டுரை வகை, ஆசிரியர்களின் எண்ணிக்கை, அதில் இவருடைய இடம், எந்த ஓடை, ஒவ்வொரு தளத்திலும் உள்ள மேற்கோள் எண்ணிக்கை என்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை எடுத்த தேதியையும் எழுதுங்கள். எல்லாத் தளங்களிலும் ஒரே நாளில் எடுப்பது நல்லது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாகத் தவறுவது எங்கே? பெயரில். 2012இல் ஆர்க்கிட் எண் வருவதற்கு முந்தைய கட்டுரைகளில் ஆளை அடையாளம் காட்டுவது பெயர் மட்டும்தான். தலைப்பெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னால், இன்னொன்றில் பின்னால் போட்டிருந்தால் ஸ்கோபஸ் அவரை இரண்டு ஆளாகப் பிரித்துவிடும். பொதுவான பெயராக இருந்தால் இதற்கு நேர்மாறு நடக்கும்: அதே பெயருள்ள இதய மருத்துவரின் கட்டுரைகள் ஸ்காலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்காலர் தானாகச் சேர்ப்பதை அவர் கவனிக்காமலே இருந்திருக்கலாம். உடனே மோசடி என்று நினைக்க வேண்டாம். முன்னச்சும் (இதழில் வருவதற்கு முன் இணையத்தில் போடும் பிரதி) வெளியான கட்டுரையும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். திருத்த அறிவிப்பு, மாநாட்டுச் சுருக்கம், நூல் மதிப்புரை ஆகியவை ‘140 கட்டுரைகள்’ என்ற எண்ணை வீங்கச் செய்யும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் உண்டா என்று பார்ப்பது இப்போது சுலபம்: ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023இல் டி.ஓ.ஐ. எண்களைப் பதிவுசெய்யும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

தளங்களின் எண்கள் ஒத்துப்போகா. பெரும்பாலும் கூகுள் ஸ்காலரில் அதிகமாகவும், ஸ்கோபஸில் அதைவிடக் குறைவாகவும், வெப் ஆஃப் சயின்ஸில் இன்னும் குறைவாகவும் இருக்கும். ஸ்காலர் ஆய்வேடுகள், துறை அறிக்கைகள், முன்னச்சுகள் எல்லாவற்றையும் எண்ணுகிறது. மற்ற இரண்டும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும். பூச்சியியலில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது, ஏனென்றால் பயன்பாட்டு ஆய்வுகளைப் பயன்படுத்துபவர்கள் விரிவாக்க அறிக்கைகளிலும் உள்ளூர் இதழ்களிலும்தான் எழுதுகிறார்கள். எந்தத் தளம் சரி என்று சண்டை போடுவதில் பயனில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒப்பிடும் எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள். ஒருவருக்கு ஸ்காலர் எண், இன்னொருவருக்கு ஸ்கோபஸ் எண் என்று எடுப்பதுதான் மன்னிக்க முடியாத தவறு. கட்டணம் கட்ட வழியில்லாதவர்களுக்கு 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் போதும். முழுத் தரவையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அதிலும் ஆளைப் பிரிப்பதில் பிழைகள் உண்டு.

எச் குறியீட்டை இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்வைத்தார். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசி இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கணக்கு. ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம்: 210, 95, 60, 41, 33, 20, 14, 9, 8, 8, 5, 2. எட்டாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், சரி. ஒன்பதாவதுக்கு 8தான், போதாது. ஆகவே எச் குறியீடு 8. கூகுள் பயன்படுத்தும் ஐ10 குறியீடு, அதாவது பத்து அல்லது அதற்கு மேல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை, 7. மொத்த மேற்கோள் 505. சராசரி 42, ஆனால் இடைநிலை அளவு 17. சராசரிக்கும் இடைநிலைக்கும் இவ்வளவு இடைவெளி ஏன்? முதல் கட்டுரை ஒன்றே மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுமக்கிறது. மேற்கோள் பரவல் கிட்டத்தட்ட எல்லா ஆய்வாளருக்கும் இப்படித்தான் சாய்ந்திருக்கும். அதனால் சராசரியைத் தனியாக நம்பக் கூடாது.

இதே பட்டியலில் 210க்குப் பதில் அந்தக் கட்டுரைக்கு 2100 மேற்கோள் இருந்தாலும் எச் குறியீடு 8தான். துறையையே திருப்பிப்போட்ட ஒரு கட்டுரையும் பரவாயில்லை ரகக் கட்டுரையும் அதற்கு ஒன்று. இன்னொரு பக்கம், ஓரத்தில் நிற்கும் கட்டுரைகளில் சின்ன அசைவு வந்தாலே அது மாறும். 9, 8, 8 மேற்கோள் உள்ள மூன்றிலும் இரண்டிரண்டு தன்மேற்கோள் என்று வைத்துக் கழித்தால் 7, 6, 6 ஆகி, குறியீடு 7க்கு இறங்கிவிடும். மூத்தவர்களுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும், ஒருபோதும் குறையாது. இதைச் சரிக்கட்ட முதல் கட்டுரை வந்ததிலிருந்து கழிந்த ஆண்டுகளால் எச் குறியீட்டை வகுக்கலாம் என்று ஹிர்ஷே சொன்னார். அப்படி வகுக்கும்போது ஆய்வில் விட்ட இடைவெளிகளைக் கழித்துவிடுங்கள்.

தன்மேற்கோளைக் கழிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்கோபஸில் அந்த ஆசிரியரின் மேற்கோளை மட்டும் நீக்குவது ஒரு வழி, எல்லா இணை ஆசிரியர்களின் மேற்கோள்களையும் நீக்குவது இன்னொரு வழி. இரண்டுக்கும் வேறு வேறு எண் வரும். வெப் ஆஃப் சயின்ஸ், நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டுரைத் தொகுப்புக்குள் இருந்தே வரும் மேற்கோள்களைத்தான் நீக்குகிறது. கூகுள் ஸ்காலரில் இந்த வசதியே கிடையாது. ஒரே காட்டில் இருபது ஆண்டுகள் எறும்புகளைக் கண்காணிக்கும் ஒருவர் தன் முந்தைய கட்டுரைகளைக் காட்டாமல் எழுத முடியாது. அந்த வகைத் தன்மேற்கோள் குற்றம் அல்ல.

இனி ஓடை விவகாரம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இதழின் தாக்கக் காரணி, ஓர் ஆண்டில் அந்த இதழின் முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து வருவது. இரண்டு ஆண்டு என்ற இந்தச் சன்னல் பூச்சியியலுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒரு பூச்சிச் சூழலியல் கட்டுரையைப் படித்து, அதை வைத்து ஒரு களப் பருவத்துக்குத் திட்டமிட்டு, பொறி வைத்துப் பிடித்து, பிடித்ததை இனம் பிரித்து, எழுதி வெளியிடவே மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிவிடும். அந்த மேற்கோள் வரும்போது சன்னல் மூடியிருக்கும். இனம் பிரிப்பதுதான் இதில் மெதுவான கட்டம்; பறக்கும் பூச்சிகளைப் பிடிக்கும் கூடாரம் போன்ற ஒரு மலேஸ் பொறியில் ஒரு கோடையில் விழும் பூச்சிகளைப் பெயரிட்டு முடிக்கத் தகுந்த நிபுணர்களே எல்லாக் குடும்பங்களுக்கும் கிடையாது.

சின்ன இதழில் வந்தது சின்ன வேலை என்று நினைப்பவர்களுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் போதும். இரையின் அடர்த்தி கூடும்போது ஒரு வேட்டையாடி எத்தனை தின்னும் என்ற செயல்வினைக் கோட்பாட்டை ஹாலிங் 1959இல் ‘தி கனேடியன் என்டமாலஜிஸ்ட்’ இதழில்தான் எழுதினார். இன்றைக்கும் சூழலியலில் மிக அதிகம் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் அடங்கும். பூச்சிக்கொல்லிச் சோதனையில் மருந்தில்லாமலே செத்த பூச்சிகளைக் கழித்துக் கணக்கிட ஆபட் 1925இல் கொடுத்த வாய்பாடு, ‘ஜர்னல் ஆஃப் எகனாமிக் என்டமாலஜி’யில் மூன்றே பக்கம். நூற்றாண்டு ஆகியும் மேற்கோள் நிற்கவில்லை. டெர்ரி எர்வின் 1982இல் வண்டு ஆய்விதழ் ஒன்றில் எழுதிய இரண்டு பக்கக் குறிப்பு இன்னும் சுவையானது. பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களின் மேல்கவிகையிலிருந்து கிடைத்த சுமார் 1,200 வண்டு இனங்களிலிருந்து கணக்கை நீட்டி, வெப்பமண்டலத்தில் 3 கோடி கணுக்காலி இனங்கள் இருக்கலாம் என்றார். பின்னால் வந்த மதிப்பீடுகள் அதை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆனாலும் அப்படிக் குறைத்தவர்கள் ஒவ்வொருவரும் அந்த இரண்டு பக்கத்தை மேற்கோள் காட்டித்தான் தொடங்க வேண்டியிருந்தது.

வகைப்பாட்டு வேலைக்கு நடக்கும் அநியாயம் தனி. விலங்கினப் பெயருக்குப் பின்னால் ‘லின்னேயஸ், 1758’ என்பதுபோல ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதுவது மரபு. அந்த ஆண்டின் மூலக் கட்டுரையை நூற்பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. நூற்பட்டியலில் இல்லாததை எந்தத் தளமும் மேற்கோளாக எண்ணாது. ஆக, நூறு கட்டுரைகளில் பெயர் அச்சாகியும் கணக்கில் சுழியமாக நிற்பது சாத்தியம். 2020இல் ‘ஜூடாக்ஸா’ என்ற விலங்கு வகைப்பாட்டு இதழின் தாக்கக் காரணியைத் தன்மேற்கோள் அதிகம் என்று, வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் நிறுத்திவைத்தது. புதிய விலங்கினங்களில் பெரும் பங்கு அந்த ஒரே இதழில் வெளியாகும்போது அதற்குள்ளேயே மேற்கோள் சுற்றாமல் வேறென்ன செய்யும் என்று வகைப்பாட்டியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு முடிவு மாற்றப்பட்டது. நீங்கள் மதிப்பிடும் ஆள் வகைப்பாட்டிலும் கை வைத்தவர் என்றால், அவர் பெயரிட்ட இனங்களின் எண்ணிக்கையையும் எழுதிய இனங்காண் திறவுகோல்களையும் தனியாகக் கணக்கெடுங்கள். 1864 முதல் தொடரும் ஜூலாஜிக்கல் ரெக்கார்ட் இதற்கு உதவும்.

ஓடைகளைப் பிரித்தபின் ஒவ்வொரு கட்டுரையையும் அதன் சம வயதுக்காரர்களோடு நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்கோபஸ் தரும் துறை எடையிட்ட தாக்க மதிப்பு இதைத்தான் செய்கிறது: அதே ஆண்டு, அதே துறை, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரி 1.00 என்றால், 1.5 பெற்ற கட்டுரைக்கு ஒன்றரை மடங்கு. வெளியான ஆண்டையும் அடுத்த மூன்று ஆண்டுகளையும் மட்டுமே அது எண்ணுகிறது. பல கட்டுரைகளுக்குச் சேர்த்து எடுக்கும்போது அதுவும் ஒரு சராசரி என்பதால் ஒரே ஒரு பெரிய கட்டுரை மொத்தத்தையும் தூக்கிவிடும். சதமானம் பார்ப்பது இதைவிட உறுதியானது. கையாலேயே செய்யலாம்: அந்தக் கட்டுரை வந்த இதழையும் அதைப் போன்ற மூன்று நான்கு இதழ்களையும் எடுத்து, அதே ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் வரிசைப்படுத்தி, இது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 400 கட்டுரைகளில் 30ஆவது இடம் என்றால் முதல் 8 சதவீதத்துக்குள். மீளாய்வுக் கட்டுரைகளை மீளாய்வுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். 1956 முதல் வரும் ‘ஆனுவல் ரிவ்யூ ஆஃப் என்டமாலஜி’யில் ஒரு கட்டுரை எழுதிய ஒருவரை களத்தரவு மட்டுமே வெளியிட்டவரோடு ஒப்பிடுவதில் நியாயமே இல்லை. மூன்று ஆண்டுக்கு உட்பட்ட கட்டுரைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

துறை என்று தளம் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். எசென்ஷியல் சயின்ஸ் இண்டிகேட்டர்ஸ் என்ற கிளாரிவேட் பட்டியல், கட்டுரையை இதழை வைத்தே துறைக்குள் தள்ளுகிறது. சூழலியல் இதழில் வந்தால் சுற்றுச்சூழல் மற்றும் சூழலியல். பூச்சியியல் இதழில் வந்தால் தாவர, விலங்கு அறிவியல். ஒரே வயலில் ஒரே ஒட்டுண்ணிக் குளவியைப் பற்றிய இரண்டு கட்டுரைகள் வேறு வேறு அளவுகோலில் அளக்கப்படும். அதில் ‘மிக அதிகம் மேற்கோள் பெற்றவை’ என்ற பட்டம் அந்தந்தத் துறையிலும் ஆண்டிலும் முதல் 1 சதவீதத்துக்குத்தான். ஆகவே சூழலியல் பக்கம் அந்தப் பட்டத்துக்கான வரம்பு வேறு, பூச்சியியல் பக்கம் வேறு.

அடுத்தது பங்கு. காட்டு மகரந்தச் சேர்க்கையாளர்கள் வளர்ப்புத் தேனீக்களின் எண்ணிக்கையைச் சாராமலே காய்ப்பிடிப்பைக் கூட்டுகின்றன என்று 41 பயிர் அமைப்புகளின் தரவைச் சேர்த்துக் காட்டிய 2013ஆம் ஆண்டுச் சயன்ஸ் கட்டுரைக்கு ஆசிரியர்கள் 50 பேர். மேற்கோள் எண்ணிக்கை ஐம்பது பேருடைய பக்கத்திலும் முழுதாக ஏறும். அதற்காக 50ஆல் வகுத்துவிடுவதும் அப்பட்டமான அநீதி, ஏனென்றால் அதை வடிவமைத்து எழுதியவரும் ஒரு தோட்டத்தின் தரவு கொடுத்தவரும் அப்போது ஒன்றாகிவிடுவார்கள். இரண்டு கணக்கையும் எடுங்கள்: முழு எண்ணிக்கை ஒன்று, முதல் அல்லது கடைசி ஆசிரியராக இருக்கும் கட்டுரைகளுக்கு மட்டும் இன்னொன்று. சூழலியலில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் குழுத் தலைவருடையது. பெரிய கூட்டுக் கட்டுரைகளில் முதல் சிலருக்குப் பின் அகரவரிசை வந்துவிடும்; அங்கே கடைசியில் நிற்பதற்குப் பொருளே இல்லை. சந்தேகம் வந்தால் கட்டுரையின் முடிவில் இருக்கும் பங்களிப்புக் குறிப்பைப் படியுங்கள். பல இதழ்கள் கடைப்பிடிக்கும் கிரெடிட் முறையில் 14 பங்குகள் உண்டு. கருத்தாக்கம், களஆய்வு, தரவுப் பராமரிப்பு எல்லாம் தனித்தனி.

எத்தனை பேர் காட்டினார்கள் என்பது போலவே எதற்காகக் காட்டினார்கள் என்பதும் முக்கியம். பூச்சிகளின் வீழ்ச்சி பற்றிய இரண்டு கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கு மேல் சரிந்தது என்று 2017இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் ஒன்று வந்தது. உலகப் பூச்சி இனங்களில் 40 சதவீதம் சில பத்தாண்டுகளில் அழிந்துபோகலாம் என்று 2019இல் ‘பயலாஜிக்கல் கன்சர்வேஷன்’ இதழில் ஒரு மீளாய்வு வந்தது. இரண்டுமே ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றவை. ஆனால் இரண்டாவதைக் காட்டியவர்களில் பலர் அதன் முறையைக் குறை சொல்லக் காட்டினார்கள்: தேடல் சொற்களிலேயே ‘வீழ்ச்சி’யைப் போட்டுத் தேடினால் வீழ்ச்சியைப் பேசும் ஆய்வுகள்தானே கிடைக்கும்? எண்ணிக்கை இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதிகம் காட்டப்பட்ட மூன்று முதல் ஐந்து கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் குலுக்கல் முறையில் 20 மேற்கோள் வாக்கியங்களைப் படியுங்கள். முறையைப் பயன்படுத்தினார்களா, முடிவை ஆதாரமாக வைத்தார்களா, மறுத்தார்களா, முன்னுரையில் ஐந்தோடு ஆறாக அடுக்கினார்களா என்று நான்காகப் பிரியுங்கள். ஒரு பகல் வேலை. மொத்த மதிப்பீட்டில் அதிகம் சொல்லித்தருவது இதுதான்.

மேற்கோள் தளங்களுக்கு வெளியே போய்விடும் தாக்கத்தை இந்தத் துறையில் ஒதுக்க முடியாது. 2012இல் சயன்ஸ் இதழில் ஒரே நேரத்தில் வந்த இரண்டு ஆய்வுகள், நியோநிகோட்டினாய்டு வகைப் பூச்சிக்கொல்லி மருந்துகளால் தேனீக்கள் கூடு திரும்பாமல் போவதையும் பம்பல்பீ என்ற பெரிய தேனீ வகையின் கூடுகளில் ராணிகள் குறைவதையும் காட்டின. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அந்த வகை மருந்துகள் மூன்றைக் கட்டுப்படுத்தி, 2018இல் திறந்தவெளிப் பயன்பாட்டை நிறுத்தியது. அத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் உள்ள மதிப்பீட்டு அறிக்கைகள் எந்தக் கட்டுரைகளைக் காட்டின என்பது எச் குறியீட்டில் தெரியாது. அறிக்கைகளின் நூற்பட்டியலை நேரே திறந்து தேட வேண்டும். பல்லுயிர் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2016இல் வெளியிட்ட மகரந்தச் சேர்க்கையாளர் மதிப்பீடு தேடத் தொடங்க நல்ல இடம்.

இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு மரவள்ளி மாவுப்பூச்சி. ஆப்பிரிக்காவில் மரவள்ளியை அழித்த அந்தப் பூச்சிக்கு எதிராகத் தென் அமெரிக்க ஒட்டுண்ணிக் குளவி ஒன்று 1981இல் நைஜீரியாவில் விடப்பட்டது. திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அந்த வேலையின் பலனைக் கட்டுரை மேற்கோளில் தேடினால் உழவர்கள் யாரும் கிடைக்க மாட்டார்கள். இன்னொரு பொறியும் இதில் உண்டு: அந்தக் குளவி இலக்கியத்தில் எபிடினோகார்சிஸ் லோபெசி, அப்போஅனகைரஸ் லோபெசி, அனகைரஸ் லோபெசி என்று மூன்று பெயர்களில் இருக்கிறது. பேரினம் மாறிய பூச்சியைப் பற்றி உழைத்தவரின் தாக்கத்தை ஒரே பெயரில் தேடினால் பாதி காணாமல் போகும்.

தரவும் ஒரு வெளியீடுதான். உலகப் பல்லுயிர்ப் பதிவுகளைத் திரட்டும் ஜி.பி.ஐ.எஃப். தளத்தில் பதிவேற்றிய பூச்சிப் பதிவுகளுக்கு டி.ஓ.ஐ. எண் உண்டு, எத்தனை ஆய்வுகள் அதைப் பயன்படுத்தின என்று அந்தத் தளமே காட்டும். தன்விவரக் குறிப்பில் பலர் இதைப் போடுவதில்லை, நீங்கள் தேடி எடுங்கள்.

கடைசியில் எழுதும் குறிப்பில் ஒற்றை எண் இருக்கக் கூடாது. உங்கள் 140க்கும் 38க்கும் பதிலாக இப்படி இருக்கலாம், எண்கள் வெறும் மாதிரி: “சுத்தம் செய்தபின் ஆய்வுக் கட்டுரைகள் 112, மீளாய்வுகள் 9, ஸ்கோபஸ் எச் குறியீடு 29, தன்மேற்கோள் நீக்கி 27. மகரந்தச் சேர்க்கை பற்றிய 40 கட்டுரைகளில் 11 அந்தந்த ஆண்டின் முதல் பத்து சதவீதத்தில். அவற்றில் 6க்கு இவரே முதல் அல்லது கடைசி ஆசிரியர். வகைப்பாட்டில் 14 புதிய குளவி இனங்கள். அதிகம் காட்டப்பட்ட கட்டுரையின் மேற்கோள்களில் பாதி, இவருடைய பொறி வைக்கும் முறையைப் பின்பற்றியவர்களுடையது.” இதன் கீழே எண்ணிக்கை எடுத்த தேதியும் தளத்தின் பெயரும், கூடவே அந்த விரிதாளும். அடுத்த ஆண்டு இதே ஆளை வேறொருவர் மதிப்பிட வரும்போது 29 ஏன் 31 ஆனது என்று அவர் அதிலிருந்தே கண்டுபிடித்துக்கொள்வார்.